பாதி வழிச் சந்திப்பு

கொரியாவில் சுசோக் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் மருமகள் பாதி வழி நடப்பாள், அவளைப் பெற்றவள் மீதி வழி நடப்பாள். நடுவில் சந்தித்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனுக்கு மகள் இருந்திருக்க மாட்டாள்.

பன்னிரண்டு வருஷமாக ஒக்சுனுக்கு மலைக் கணவாய்தான் பாதி வழி. அம்மா எள்ளுக் கொழுக்கட்டையோடு முன்னதாகவே உட்கார்ந்திருப்பாள்.

"எப்பம்மா வந்தே?"

"இப்பத்தான்டி. நீதான் ஆமை மாதிரி வர்றே. மாமியா சோறு போடுறாளா இல்லையா?"

சாப்பிட்ட கையோடு, "கிளம்புடி, நேரமாச்சு" என்று விரட்டுவாள். அப்படி என்ன அவசரமோ என்று ஒக்சுனுக்குக் கோபம் வரும்.

இந்த வருஷம் அம்மா இல்லை. கல்லறையில் புல் வெட்டிக் கும்பிட, மாமியார் முழு வழியும் போக விட்டாள். கல்யாணத்தன்று மூடுபல்லக்கில் வந்ததால் கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பாதையை ஒக்சுன் பார்த்ததே இல்லை. கணவாய்க்கு வழக்கம்போல இரண்டு மணி நேரம். அப்பாலும் அவ்வளவுதான் என்று நடந்தாள். ஓர் ஆற்றைக் கடந்து, இன்னொரு மலையும் ஏறி இறங்கினாள். பொழுது சாய்ந்தும் ஊர் வரவில்லை.

எப்ப வந்தே என்றுதான் வருஷா வருஷம் கேட்டாள். எப்பக் கிளம்பினே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.