கம்பி பொறுக்கிய கான்கிரீட்

நன்றாக இருக்கும் பொருளை உடைத்துப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருந்தது" என்று கையெழுத்துப் போடுவது என் தொழில். செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் விழிப்பவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

அப்படி என்ன வேலை?

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது கான்கிரீட் பரிசோதகர். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க, மேட்டின்மேல் கான்கிரீட் பீய்ச்சிச் சுவராக்கும் வேலை வந்தது. சோதிக்க என்னையே அனுப்பினார்கள். அந்த லயத்தின் கடைசி வீடு அம்மாவுடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கான்கிரீட்டில் விரல் நீள மெல்லிய எஃகுக் கம்பிகளைக் கலப்பார்கள். சுவரைத் துளைத்து ஓர் உருளையை எடுத்து, படுக்கவைத்து, மேலிருந்து இயந்திரத்தால் அழுத்துவேன். உருளை பக்கவாட்டில் இழுபட்டுப் பிளக்கும். எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறது என்பதுதான் கேள்வி. வெறும் கான்கிரீட் படாரென்று இரண்டாகும். கம்பி கலந்தது விரிசல் விட்டாலும் பிரியாது. இதையெல்லாம் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் கேட்டது இதுதான்: "இதுக்கா காலேஜ் போன? எங்க வீட்டுக்காரர் லோரிய ரிவர்ஸ் எடுத்தாலே எந்தச் சுவரும் ஒடையும்லா!"

படார்

அம்மா வீட்டுக்குப் பின்னால் எடுத்த உருளை படாரென்று இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பியைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மூட்டை மூட்டையாகக் கொட்டிய கம்பி எங்கே போயிற்று? கலவை போடும் இடத்துக்கு ஓடினேன்.

மணலும் அதன்மேல் கொட்டிய கம்பியும் கலவைக்குப் போகும் பெல்ட்டில் வேரும் சருகும் பொறுக்க, தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓய்வுபெற்ற பெண்களைப் புதிதாக வைத்திருந்தார்கள். காலமெல்லாம் தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் பொறுக்கிய கைகள். மணலோடு வந்த கம்பியை விட்டுவைக்குமா? என்னைக் கண்டதும் ராசம்மா பெரியம்மா வாளி நிறையக் கம்பியைப் பூரிப்போடு தூக்கிக் காட்டினார். "பாரும்மா, ஒன்னு விடல. இவனுங்கள நம்பியிருந்தா இந்தக் குப்பையெல்லாம் செவுத்துக்குள்ள போயிருக்கும்!"

கையெழுத்து

சூப்பர்வைசர் முருகையா என் மேசையருகே வந்து நின்றார். மற்ற இடமெல்லாம் தேறிவிட்டதே, நல்ல இடமாகப் பார்த்து இன்னொன்று துளைத்து முடித்துவிடலாமே என்றார். கெட்டவர் இல்லை, மழை இறங்குவதற்குள் முடிக்கவேண்டிய கவலை அவருக்கு. எனக்கோ அந்தச் சுவருக்குக் கீழே தூங்குகிறவர்களின் முகம்தான் தெரிந்தது. 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பகுதியை உடைத்து மறுபடி பீய்ச்ச வேண்டியதாயிற்று. அதுவரை கீழ்வீட்டுக்காரர்கள் கோயில் மண்டபத்தில் தங்கவேண்டும் என்றார்கள், அதுவும் தீபாவளி நெருங்கும் நேரத்தில். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கும் சேர்த்து மல்லிகா அக்கா பேசினார்: "நம்ம புள்ள வந்தா நல்லது செய்யும்னு பாத்தா, நம்மளையே வீட்ட விட்டுக் கெளப்பிருச்சே!"

கூட்டம்

பெரியம்மா குழு மறுபடி பெல்ட்டில் நின்றது. இம்முறை வேரைப் பொறுக்கிவிட்டு, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்த கம்பிகளைப் பிரித்து மணலிலேயே விட்டார்கள். புதுச் சுவர் இறுகியதும் உருளையை எடுத்தேன். சோதிக்கும் அன்று லயமே என் சோதனைக் கொட்டகையில் நின்றது. இயந்திரம் அழுத்தியது. உருளையின் குறுக்கே விரிசல் ஓடியதும் "ஐயய்யோ" என்றார்கள். ஆனால் தாங்கவேண்டிய அளவை அது எப்போதோ தாண்டியிருந்தது. பிரியவும் இல்லை.

அம்மா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிய்த்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். ம்ஹூம். இந்த வேலைக்கு வந்ததற்காக அன்றுபோல் நான் என்றுமே பெருமைப்பட்டதில்லை. அம்மா எழுந்து கூட்டத்தைப் பார்த்தார். "எம்பொண்ணு மிஷின வெச்சு ஒடைச்சும் பிரியல. இன்னும் என்னாடி பாக்கறீங்க? சட்டி பானையத் தூக்குங்க, வீட்டுக்குப் போலாம்!"

ஊரில் எல்லோரும் தாங்கள் கட்டியதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். உடைக்கப் பார்த்துத் தோற்றதைக் காட்டிப் பெருமைப்பட எங்களை விட்டால் ஆளில்லை.