பத்தாயிரத்துக்குச் சற்றே மேல்

என் அக்காள் வனமாலாவின் கணவர் கஜானன ஹெக்டேயை நான் பாவா என்று கூப்பிடுவேன். சிரசியில் அவருக்குப் பாக்குத் தோட்டம். ஒரு வருடம் மழைக்கு முன் மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் தானே மரமேறி, வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவருக்கு எதிர்ச் சுவரில் மின்சார மீட்டர். அதன் மேல் பெயிண்டில் இணைப்பு எண்: 100160063.

"இது எதாலயாவது வகுபடுமாடா?" என்றார் என்னிடம்.

"காலுதானே ஒடிஞ்சுது? பேசாம படுங்க" என்றாள் அக்கா.

அவர் விடவில்லை. பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் பத்துக் கோடி. இந்த எண் அதற்குச் சற்றே மேல். ஆகவே பத்தாயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று முடிவுகட்டினார். என் கல்லூரி அட்டவணைப் புத்தகத்தில் பகா எண்களின் வரிசையும் பத்தாயிரத்தோடு முடிந்தது. மழைக்காலம் முழுக்க வகுத்தார். கடைசி எண்ணான 9973க்கும் மீதி விழுந்தது. தன் வீட்டு எண் பகா எண், எதற்கும் பிளவுபடாதது என்று ஊருக்கெல்லாம் சொன்னார். "உங்க நம்பர் அஞ்சுல முடியுது, என்ன பண்றது" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து இரக்கப்படவும் செய்தார்.

சில வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், ஏன் பத்தாயிரத்தோடு நிறுத்தினீர்கள் என்று யாரோ கேட்டார்கள். "அதுக்குச் சற்றே மேலதானே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"என்ன பாவா?"

"சற்றேன்னா எவ்வளவுடா?"

இலை ஓரத்தில் விரலால் பெருக்கினார். 10008ஐ 10008ஆல் பெருக்கினால் 100160064. அவருடைய எண்ணைவிட ஒன்றே ஒன்று அதிகம். ஒரு எண்ணின் வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், அது அந்த எண்ணுக்கு முந்தியதும் பிந்தியதும் பெருக்கி வருவது; அப்படியானால் அவருடைய எண் 10007, 10009 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். பாயசம் ஆறிப்போனது.

மறுநாள் சீட்டாட்டக் கூட்டத்தில் போய்ச் சொன்னார். அவருடைய நண்பர் தத்தாத்ரேய பட் சீட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"விடுங்க ஹெக்டேரே. நாங்க யாரு போய் வகுத்துப் பாக்கப்போறோம்?"

"அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு."

பட் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "சரி, அந்த ரெண்டும் என்ன நம்பரு?"

"ரெண்டுமே பகா எண். 9973க்கு அடுத்த பகா எண்ணே 10007தான். இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்திருந்தா போதும்."

வீடு திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "அந்த மழை பூரா வகுத்தேனே தவிர, ஒரு நாளாவது அந்த நம்பரை நின்னு பாத்தேனாடா? ஒண்ணைக் கூட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அக்காவிடம் சொல்லத்தான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவள் முழுவதும் கேட்டாள்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயா இருக்கு?"

"நடுவுல ஒரே ஒரு நம்பர்."

"அப்போ ஒத்தையா நிக்கறதுக்கு இதுதான் நல்லா இருக்கு" என்று கஷாயத்தை நீட்டினாள்.