ஜெர்மன்காரருக்காக மணிக்கூண்டு மார்க்கெட்டுக்குப் போனது

சென்னையில் பழைய மணிக்கூண்டுக் கட்டடத்துக்குள் இருந்த உணவு மார்க்கெட்டுக்குப் போகலாமா, போனால் என்ன வாங்கலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, 1991 ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவும் எனக்காகப் போகவில்லை. ஒரு ஜெர்மன்காரரின் வயிற்றுக்காகப் போனேன். விலையெல்லாம் அந்தக் காலத்து விலை. அதை வைத்துக்கொண்டு இன்றைக்குக் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்காதீர்கள்.

அப்போது நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெயினியாக இருந்தேன். மண்ணூரிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். புதிதாக வந்த பிரஸ் மெஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட வால்டர் என்பவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். வந்த சில நாளிலேயே வயிறு கெட்டுவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். ஆள் இளைத்துப்போய், ஊருக்குத் திரும்புகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். அவர் போனால் அந்த மெஷினை நம்பிய உற்பத்தி லைன் ஓடாது. லைன் ஓடினால்தான் டிரெயினிகள் பதினான்கு பேரும் பர்மனெண்ட் ஆவோம், கம்பெனிச் சட்டை கிடைக்கும். என் பிழைப்பு அந்த மனிதரின் குடலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கூண்டு மார்க்கெட்டில் வெள்ளைக்காரச் சாப்பாடு கிடைக்கும் என்று யாரோ மேனேஜரிடம் சொல்ல, கேன்டீன் சமையல்காரர் எல்லப்பன் அண்ணனை அனுப்ப முடிவானது. டப்பாவில் இருக்கும் இங்கிலீஷைப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட அனுப்பினார்கள். எல்லப்பன் அண்ணன் வல்லம் வடகால்காரர், நாற்பது வயது, வாயைத் திறந்தால் கிண்டல். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். "டேய் ஐ.டி.ஐ." என்றுதான் கூப்பிடுவார்.

காலை ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினோம். பிராட்வே வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் நாலரை ரூபாய். பூந்தமல்லியில் டிரைவர் டீ குடிக்க இறங்கி, கதையெல்லாம் பேசி முடித்துத்தான் வந்தார். வழியில் எல்லப்பன் அண்ணன் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "லைன் ஓடிச்சின்னா எனக்கும் கம்பெனி சட்டை குடுப்பாங்களாடா? நான் காண்ட்ராக்டு ஆளு தானே." உங்களை விட்டுவிட்டு யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன். அவரும் நம்பினார், அதற்கப்புறம் பிராட்வே வரை பேச்சு நிற்கவில்லை.

பிராட்வேயிலிருந்து பொடிநடையாகவே போய்விடலாம். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம், நெற்றியில் மணிக்கூண்டு. கடிகாரம் ஓடவில்லை. உள்ளே இரும்புத் தூண்கள், எட்டாத உயரத்தில் கூரை, அதன் ஓரமாகப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் எல்லப்பன் அண்ணனின் வெள்ளைச் சட்டை பச்சையாகிவிட்டது. தரையில் மரத்தூள் போட்டிருந்தார்கள். நுழைந்ததும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை, நாலடி தள்ளி ரொட்டி வாசனை, அதற்கப்பால் எதுவோ புளித்த நாற்றம். அந்த நாற்றம்தான் சீஸ் என்று பிறகு தெரிந்தது.

டப்பா மீன், கண்ணாடிக் குடுவையில் கரும்பச்சைக் காய், கயிற்றில் தொங்கும் சாசேஜ். நான் எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தேன். எல்லப்பன் அண்ணன் அப்படியில்லை. மாடு வாங்க வந்தவர்போல ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், ஏதாவது முணுமுணுத்தார். கவுன் போட்ட ஒரு வயதான அம்மா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததுமே வாங்க வந்தவர்கள் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார் போல. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து, நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார். ஹாம் என்ற பதப்படுத்திய பன்றிக்கறியில் காகிதம் மாதிரி ஒரு சீவல் சீவி எங்களுக்கும் தந்தார். உப்புக் கரித்தது. "இதுல இன்னாம்மா கீது, ஒரு மொளகுகூட இல்ல" என்றார் எல்லப்பன் அண்ணன்.

கால் கிலோ ஹாம் முப்பத்தைந்து ரூபாய். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் ஒரு கிலோ ஆட்டுக்கறியே வாங்கிவிடலாம் என்று எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் சீஸ், இரண்டு நீள ரொட்டி, ஒரு பாட்டில் கடுகு விழுது. எல்லாவற்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, ஐஸ் போட்டு, அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பூந்தமல்லியில் பஸ் மறுபடி நின்றது. எல்லப்பன் அண்ணன் பெட்டியோடு இறங்கிப் போனார். டீக்கடை அடுப்போரம் கிடந்த கரித்துண்டு இரண்டு, பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய ஓர் ஆணி. பெட்டியைப் பிரித்து ஹாம் பொட்டலத்துக்குள் அவற்றைச் செருகிவிட்டு வந்தார். வெளியூரிலிருந்து கறி எடுத்துப் போனால் கரியும் இரும்பும் வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் போகமாட்டார்கள். காத்து கருப்பு பின்னாலேயே வரும் என்பார்கள். அதிலும் ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, இறங்குகிற இடத்தில் சுடுகாடு வேறு. ஜெர்மன் ஹாமுக்குத் தமிழ்ப் பேய் வருமா என்று கேலி செய்தேன். வாயை மூடு என்றார்.

தொழிற்சாலைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கேன்டீனில் மேனேஜரும் வால்டரும் காத்திருந்தார்கள். வால்டர் ஆசையாகப் பொட்டலத்தைப் பிரித்தார். ஹாமோடு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் மேசையில் விழுந்தன. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டில் ஆணி போட்டுக் கொல்லப் பார்க்கிறாயா, நாளையிலிருந்து வராதே என்று எல்லப்பன் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். பதினான்கு பேரின் வேலையும் அந்த ஆணியோடு போயிற்று என்றே நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கறி, சாயங்காலம், பேய், இரும்பு இருந்தால் பேய் வராது என்று உளறினேன். வால்டர் சிரிக்கவில்லை. பேய் கறிக்காக வருமா, எனக்காக வருமா என்று நிதானமாகக் கேட்டார். நான் அதை எல்லப்பன் அண்ணனிடம் சொன்னேன்.

"கறிக்குத்தான் வரும். அப்பால துன்னவரப் புடிச்சிக்கும். அவரு கடல் தாண்டி ஒண்டியா வந்துகிறாரு. எதுனா ஆச்சின்னா பாக்க யாரு கீறா?"

அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேனேஜர்தான் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. வால்டர் அந்த ஆணியை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கரித்துண்டைத் தட்டோரம் தள்ளி வைத்தார். கரி பட்ட மேல் சீவலை எடுத்து ஒதுக்கிவிட்டு, ரொட்டியைப் பிய்த்து ஹாமை வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் மெல்வதையே நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லப்பன் அண்ணனை வர வேண்டாம் என்ற பேச்சு அதோடு போயிற்று. மறுநாளிலிருந்து வால்டர் கேன்டீனுக்கு வந்தார். உருளைக்கிழங்கை எப்படி வேகவைக்க வேண்டும் என்று எல்லப்பன் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. ஆவணி பிறந்ததும் லைன் ஓடியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் ரொட்டி இருக்காது. எதையும் ருசி பார்த்து வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். சீஸின் நாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம், வாயில் போட்டால் அந்த நாற்றம் தெரியாது. அந்தக் கட்டடத்துக்காகவே ஒரு முறை போகலாம். கையில் காசு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். இன்றைக்கும் அங்கே அந்தக் கடைகள் இருக்கின்றனவா என்று போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் மறுபடி போகவில்லை.

ஏன் போகவில்லை என்றால், மனசு வரவில்லை. லைன் ஓடிய அடுத்த வாரம் எங்கள் பதினான்கு பேருக்கும் ஆர்டர் வந்தது, நீலச் சட்டை வந்தது. கேன்டீன் ஆட்களுக்கு எதுவும் வரவில்லை; அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்களாம், கம்பெனிக்குச் சம்பந்தமில்லையாம். புதுச் சட்டையோடு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். எல்லப்பன் அண்ணன் சாம்பார் வாளியோடு வரிசையாக வந்தார். டேய் ஐ.டி.ஐ. என்று ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று சிரித்தபடி நிமிர்ந்தேன்.

"சாம்பார் ஊத்தட்டுங்களா, சார்?" என்றார்.