முதல் செம்பு

மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசையில் பதினொரு வீடுகள், ஒரு கிணறு. மழைக்காலத்தில் அந்தக் கிணற்றுக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாது. முனிசிபாலிட்டிக் குழாயோ மனம் வைத்தால்தான் சொட்டும். எங்கள் உயிர் ஒச்சம்மாள் கையில் இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கக்கா என்கிற மட்டிச் சிப்பியின் இறைச்சியை விற்கும் பெண்கள் வீசிவிட்டுப் போகும் ஓடுகளைக் கூடையில் அள்ளி வந்து, கழுவி, சிரட்டைக்கரி போட்டுச் சுடுவாள். வெந்த ஓட்டில் தண்ணீர் தெளித்தால் சீறிப் பொடிந்து சுண்ணாம்பாகும். அதைக் கரைத்துச் சாயங்காலம் கிணற்றில் ஊற்றினால், காலையில் கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். முதல் செம்பை அவள் எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டுவாள். பிறகுதான் எங்கள் வாளி இறங்கும். இந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான். வீம்புக்காரி.

எழுபத்தொன்பது ஆடியில் மழை விடவே இல்லை. பக்கத்துப் பள்ளுருத்தியில் வயிற்றுப்போக்கில் இரண்டு பேர் செத்த செய்தி வந்ததும் எங்களுக்குக் குலை நடுங்கியது. "இன்னும் சுண்ணாம்பு போடலியா?" என்று அவளைப் பிடுங்கி எடுத்தோம். கக்காக்காரிகள் ஒரு வாரமாக வரவில்லை. படகு பழுது பார்க்கும் கரையில், படகின் அடியிலிருந்து சுரண்டிய சிப்பி குவிந்து கிடந்தது. மழையில் நனைந்துகொண்டே அதை அள்ளி வந்து சுட்டாள். பொடியில் லேசாகப் பச்சை தெரிந்தது. கரி சரியில்லை என்று நினைத்து, கரைத்து ஊற்றிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இன்னொரு கூடை அள்ள அதே கரைக்குப் போனாள். கிளம்பும்போது புருஷன் சங்கிலிப்பாண்டியிடம், "நான் வர நேரமானா நீங்க குடிச்சுக் காட்டிருங்க, பாவம் காத்துக்கிட்டு நிப்பாக," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கரையில் படகு ஆசாரி ஒருவர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழையில் அவள் கவனிக்காத சிவப்புச் சாயம் ஓடுகளில் ஒட்டியிருந்தது.

"சேச்சி, அது எடுக்கண்டா. சிப்பி பிடிக்காதிருக்கான் அடிக்குன்ன பெயின்டாணு. விஷமாணு."

சிப்பி ஒட்டாமலிருக்கப் படகடியில் அடிக்கும் சாயம் விஷம் என்று கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அப்போதுதான் வாளியை இறக்கியிருந்தேன். வந்த வேகத்தில் என் கயிற்றைப் பிடுங்கி, நிறைந்திருந்த குடங்களைக் காலால் உதைத்தாள்.

"குடிக்காதீக! தப்பு பண்ணிட்டேன், விஷத்தைச் சுட்டுப் போட்டுட்டேன்!"

"பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "ஒம் புருஷன் குடிச்சிட்டுத்தானே வேலைக்குக் கெளம்புறாரு?"

ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெலிங்டன் தீவுக்கு மூட்டை தூக்கப் போகும் சட்டையோடு சங்கிலிப்பாண்டி சுவரைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வாந்தி பச்சையாக இருந்தது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அந்த ஒன்பது நாளும் நாங்கள் அவளை ஏசாத ஏச்சில்லை. அதில் என் பங்கும் உண்டு. அவசரப்படுத்தியது நாங்கள்தான் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

கிணற்றை இரண்டு முறை இறைத்துக் கொட்டினோம். அப்புறம் யார் சுண்ணாம்பு போடுவது? வாய் கிழியப் பேசிய எங்களில் யாருக்கும் சுடத் தெரியாது. அவளே கக்கா ஓட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிச் சுட்டாள். காலையில் முதல் செம்பைக் குடித்தாள். ஒரு வாளியும் இறங்கவில்லை.

சங்கிலிப்பாண்டி மெல்ல நடந்து வந்து கையை நீட்டினான். "எனக்கு ஒரு செம்பு குடு."

 செம்பில் மீதியிருந்ததை அவள் தரையில் கொட்டினாள்.

"நீங்க வேணாம். நாளைக்கு நான் எந்திரிச்சா குடிங்க."

எண்பத்தாறில் அவர்கள் ஊரைவிட்டுப் போகும்வரை அதே கதைதான். சுண்ணாம்பு போடும்போதெல்லாம் அவள் குடித்தால், மறுநாள்தான் நாங்கள் குடிப்போம். அந்த ஒரு நாள் முழுக்க அவள் வீட்டுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவைகூட, இன்றைக்கு நான் குடிக்கிறேன் என்று நான் சொன்னதில்லை.