பட்டியலில் இல்லாத பெயர்

எங்கள் மகள் தன் பெயரைத் தானே நோயாளிகள் பட்டியலில் எழுதினாள்.

தூத்துக்குடியில் எங்கள் சபையில், ஞாயிறு ஆராதனையின் விண்ணப்ப ஜெபத்தை நடத்துவது பல வருஷமாக என் பொறுப்பு. ஜெபம் கேட்டவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, மைக் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொல்லும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கையெழுத்து எனக்கே புரியாது. அதனால் சனிக்கிழமைதோறும் மகள்தான் எழுதித் தருவாள். அவள் பிளஸ் டூ முடித்த கோடையில் ரத்தப் புற்று என்று தெரிந்தது. அந்த வாரப் பட்டியலை எழுதி முடித்துவிட்டு, "கடைசியில என்னையும் சேத்துட்டேம்மா. முதல்ல போட்டா டீச்சர் மகளுக்குச் சலுகைன்னு சொல்லுவாங்கல்லா" என்று சிரித்தாள்.

எட்டு மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். சபையே உபவாசம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் அவள் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளை காலேஜுக்குப் போவாள்" என்றார். நான் நம்பினேன். ஒப்புக்கு அல்ல, காலேஜுக்கென்று இரண்டு சுடிதார் எடுத்துத் தைக்கக் கொடுக்கிற அளவுக்கு நம்பினேன்.

வார்டில் அடுத்த கட்டிலில் ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று இருந்தது. அதே நோய். அதன் தாய் வேம்பார் என்ற கடற்கரை ஊர்க்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவர். கத்தோலிக்கக் குடும்பம். கையில் எப்போதும் ஜெபமாலை உருண்டுகொண்டிருக்கும். "டீச்சரக்கா, நீங்க உங்க சபையில சொல்லுங்க, நான் மாதாட்ட சொல்லுதேன். ரெண்டு பிள்ளைக்கும் சேத்தே கேப்போம்" என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் காபி வாங்கக் கீழே போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது என் மகளின் கையை அந்த வேம்பார்க்காரி பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நர்சுகள். என் மகள் கடைசியாகப் பிடித்திருந்த கை என் கை இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். கர்த்தர் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முன்பெல்லாம் தோசை ஊற்றிக்கொண்டே கர்த்தரோடு பேசுகிறவள் நான். பஸ் பிந்தினால்கூட அவரிடம்தான் முறையிடுவேன். இப்போது கண்ணை மூடினால், கண்ணை மூடியிருக்கிறேன் என்பது மட்டுமே தெரிந்தது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். அடக்கத்துக்குப் பிறகு அவர் எங்கள் சபைக் கோயிலுக்குள் வரவில்லை. ஞாயிறு காலை பைக்கில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும் மட்டும் வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நானும் அவரை அழைக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, பட்டியலை வாசித்து முடிக்கும்போது பழக்கத்தில் என் வாய் மகளின் பெயரைச் சொல்லிவிட்டது. தாளில் அந்தப் பெயர் இல்லை. சபையும் பழக்கத்தில் ஆமென் என்றது. பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

ஆராதனை முடிந்ததும் ஐயர் வந்தார். போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கொஞ்ச நாளைக்கு இதை வேற யார்ட்டயாவது குடுப்பமாம்மா?" என்றார்.

"வேண்டாம் ஐயா. நானே வாசிக்கேன்."

"கஷ்டமா இருக்குமேன்னு கேட்டேன்."

"ஐயா, எனக்கு ஜெபம் வரல. அவர் இருக்கிற மாதிரியே தெரியல. இதையும் விட்டுட்டா என் கையில ஒண்ணுமே இருக்காது."

அவர் புத்தி ஏதும் சொல்லவில்லை. "சரிம்மா, வாசிங்க" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

வேம்பார்க்காரி வாரம் தவறாமல் போன் செய்தாள். "டீச்சரக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட மாட்டேங்கு. பட்டியல்ல பேரு போடுங்க."

"எனக்கு இப்ப ஜெபமே வர மாட்டேங்கு. வேற யாரயாச்சும் கேளேன்."

"வரலன்னா என்னக்கா? பேரை மட்டும் வாசிங்க. அது போதும்."

வாசித்தேன். மாதக்கணக்கில் வாசித்தேன். ஒரு ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லும்போதே, இதுவும் பிழைக்காமல் போனால் என் வலிக்கு ஒரு துணை கிடைக்குமே என்று ஒரு நினைப்பு வந்து போனது. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கப் போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை பிழைத்தது. ரத்தத்தில் நோய் தெரியவில்லை, மருந்து மட்டும் தொடர வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். போனில் அவள் அழுதாள். நான் "சந்தோஷம்ளா" என்றேன். போனை வைத்த பிறகு அடுப்பை அணைக்க மறந்து, பால் முழுவதும் தீய்ந்து போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் எங்கள் கோயிலுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டி. "எங்க மாதாவுக்கு நேத்தே மெழுகுவர்த்தி வச்சாச்சு. இங்கயும் நன்றி சொல்லணும்லாக்கா. நீங்கதான் வாசிக்கணும்."

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களைக் கடைசியில் வாசிப்போம். அந்தப் பிள்ளையின் பெயர் வரைக்கும் வந்தேன். முன்வரிசையில் அது காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலையில் கட்டை கட்டையாக முடி முளைத்திருந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தாளைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. நிமிர்ந்தபோது என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படிக்குள் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரை வாசித்தேன். சபை ஆமென் சொன்னது. அவர் திரும்பி வெளியே போய்விட்டார்.

"உள்ளே ஏன் வந்தீய?" என்று பிறகு கேட்டேன்.

"வெளிய ஸ்பீக்கர்ல உன் சத்தம் நின்னுட்டு. அதான்."

மத்தியானம் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிள்ளையைக் காணோம். தேடினால், மகளின் அறையில், மகளின் கட்டிலில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. வேம்பார்க்காரி பதறிப்போய்த் தூக்கப் போனாள். நான் தடுத்தேன். "இருக்கட்டும். உறங்கட்டும்." இரண்டு பேரும் வாசலில் நின்று அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தோம். "அக்கா, அன்னைக்கு உங்க பிள்ள கையில சூடு இருந்துச்சு. தனியா போகல" என்றாள் அவள். நான் அதைக் கேட்டிருந்ததே இல்லை. கேட்கப் பயந்திருந்தேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்து அந்த விரிப்பைச் சரிசெய்யப் போனவள், அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தினேன். "அவளுக்குக் குடுக்க முடிஞ்சுதுல்லா? அப்ப எனக்கு ஏன் தரல? சொல்லும், ஏன் தரல?" அடக்கத்துக்குப் பிறகு கர்த்தரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கணவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். "எல்லா ஞாயித்துக்கிழமையும்." அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

இரண்டு வருஷம் ஆகிறது. பதில் வரவில்லை. முன்பு கர்த்தரோடு எனக்கிருந்த அந்த நெருக்கம் திரும்பவில்லை. திரும்பும் என்று யாரிடமும் நான் சொல்வதுமில்லை. நான் நம்புகிறேனா என்று கேட்டால், கேள்வி கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை என்றுதான் சொல்லத் தெரிகிறது. கணவர் இப்போது சில வாரம் கடைசி வரிசையில் உட்காருகிறார், சில வாரம் வெளியிலேயே இருந்துவிடுகிறார்.

நாளை ஆராதனை எட்டரை மணிக்கு. போவோம்.