இல்லாத டிரைவில் கண்ட வைரஸ்

எங்கள் வீட்டுக் கணினிக்கு வாங்கியிருந்த வைரஸ் காவல் மென்பொருளின் காலம் முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. அடுத்து எதைப் போடுவது என்பதில் எனக்கும் கணவருக்கும் ஒத்துவரவில்லை. தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் அவருக்கு, அடிக்கடி சத்தம் போடுவதுதான் நல்ல காவல். நானோ மாத்தளையில் வீட்டிலிருந்தே சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுப்பவள். வேலைக்குக் குறுக்கே வராத ஒன்று எனக்கு வேண்டும். பேசிப் பேசியே நாள் போனது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கலேவெலயிலிருந்து ஒரு பெண் வரவிருந்தார். வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. அங்கே போவதற்கு அவருக்குத் திங்கட்கிழமை விசா நேர்முகம். அவருடைய பத்திரங்களை முடிக்க உட்கார்ந்த நான், முதலில் காவலைப் போட்டுவிடலாம் என்று இணையத்தில் தேடினேன். பக்கத்தின் உச்சியில் வந்த இலவச மென்பொருளை இறக்கினேன். கணினியோடு வந்த காவலை நிறுத்தட்டுமா என்று அது கேட்டது. இரண்டு காவல் ஒன்றோடொன்று மோதும் என்று எங்கோ படித்த ஞாபகம். சம்மதித்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. வைரஸ்களின் நீண்ட பட்டியல். கோப்புகள் அழியப்போகின்றன, தடுக்கப் பணம் கட்ட உடனே வங்கி அட்டை விபரத்தைக் கொடுங்கள் என்ற கட்டளை. கீழே விநாடிகள் குறைந்துகொண்டிருந்தன. ஸ்பீக்கர் விடாமல் கூவியது.

ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்திருந்த கணவர் ஓடிவந்தார்.

“நான் அப்பவே சென்னேன்தானே. கட்டிட்டு வேலயப் பாருங்க,” என்று அட்டையை எடுத்து இலக்கங்களை வாசிக்கத் தொடங்கினார். நானும் அடித்தேன். எட்டு இலக்கம் அடித்திருப்பேன்.

அப்போதுதான் பட்டியலைப் பார்த்தேன். பாதி வைரஸ்கள் டி டிரைவில் இருப்பதாகப் போட்டிருந்தது. எங்கள் கணினியில் டி டிரைவே கிடையாது. இல்லாத ஊரில் பிறந்ததாக ஒரு பிறப்புச் சான்றிதழ் வந்தால் நான் அதைத் தொடுவேனா?

“வாசிக்காதீங்க. இது பொய்.”

“பொய்யா? அங்க நேரம் ஓடுது.”

“ஓடட்டும்.”

இணைய வயரைப் பிடுங்கினேன். கூவல் நிற்கவில்லை. அவர் அட்டையும் கையுமாக நின்றார். நான் நினைத்தது பிழையென்றால் அந்தப் பெண்ணின் பத்திரங்கள் போய்விடும். கடைசி விநாடியும் கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பத்து நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது.

மூன்று வீடு தள்ளி, பாடசாலையில் கணினி படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் இருந்தார். விடுமுறைக் காலம் என்பதால் அழைத்ததும் வந்தார்.

“மெயில், வங்கி எல்லாம் இதிலயோ பாக்கிறனீங்கள்?”

“மெயில் மட்டும், டீச்சர்.”

“அப்ப போனில இருந்து பாஸ்வேர்டை இப்பவே மாத்துங்கோ.”

பிறகு தன் மடிக்கணினியில் தயாரித்த பென் டிரைவைக் கொண்டு எங்கள் கணினியை இயக்கி, சோதனையைத் தொடங்கினார். கணவர் தொழுகைக்குப் போய்த் திரும்பியும் அது முடியவில்லை. சோறு ஆறிக் கிடந்தது. யாரும் தொடவில்லை.

கடைசியில் என் கோப்புகள் தப்பியிருந்தன. ஆனால் அந்தப் போலிக் காவலுக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருந்தது.

“இது பாஸ்வேர்ட் திருடிறது. வயரைக் கழட்ட முந்தி அனுப்பிச்சுதோ எண்டு சொல்லேலாது,” என்றார் டீச்சர்.

“அப்ப எத வாங்குற?” என்று கணவர் கேட்டார்.

“ஒண்டும் வேண்டாம். நீங்கள் நிறுத்தின காவலே வீட்டுக்குப் போதும். அப்டேட்டை மட்டும் விடாதேங்கோ. பத்திரங்களை வேற டிஸ்க்கில போட்டு, கழட்டி வையுங்கோ.”

மிச்சமிருந்த பத்திரங்களை முடித்து அச்செடுத்தபோது நாலு மணி; வாசல் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. கணவர் குரலைத் தாழ்த்தினார். “அவங்கக்கிட்ட இதச் செல்லத்தான் வேணுமா? ஒண்டும் நடக்கல்லயே.”

அந்தப் பெண் அனுப்பிய பிரதிகளெல்லாம் என் மெயிலில்தான் இருந்தன. முடித்த பத்திரங்களைக் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

“மகள்ட பாஸ்போட்டும் அதுல ஈந்திச்சா?”

“ஈந்திச்சி. யார்ட கைக்காவது போயீக்கலாம். போகாமயும் ஈக்கலாம். எனக்குத் தெரியா.”

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்து உறையில் வைத்தார். “நீங்க செல்லாம உட்டீந்தா எனக்குத் தெரிய வந்தீக்காது,” என்று மட்டும் சொன்னார். அது நன்றியா கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

விசா கிடைத்ததாக வேறு யாரோதான் சொன்னார்கள். இனி அவர் வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து, பேரப்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு வாசலில் நின்றார்.

“வேல முடிஞ்ச ஒடன இதுட கொப்பிய எனக்கு முன்னால அழிக்கேலுமா?”

“ஏலும்.”

கதிரையை இழுத்து, திரை தெரியும்படி எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.