தாங்குது, தள்ளுது

என் கதிரையின் அடியில் வலது பக்கம் ஒரு கறுப்புப் பிடி உண்டு. மேலே இழுத்தால் ‘புஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டபடி கதிரை இறங்கும். பதினொரு வருடமாகத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் என் காலை அந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. வேலையை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியவன் நான். சோம்பேறி என்பதால் அதையும் கதிரையிடம் ஒப்படைத்துவிட்டேன். போன வாரம் அந்தப் பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. ஹட்டன் கடைக்காரர் இரண்டு புதிய கதிரைகளை அனுப்பியிருக்கிறார். உட்கார்ந்து பார்த்து நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். இரண்டும் பொலித்தீன் உறையோடு என் எதிரில் நிற்கின்றன. எனக்கோ தேத்தண்ணி அக்காவின் நினைவு.

அக்கா எங்கள் ஆபீசைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பவர். கொழுந்துக் கூடை சுமந்து மலை ஏறி இறங்கியே முதுகு போய்விட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று தோட்டத்து வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டின் புண்ணியத்தில் ஆபீசுக்கு வந்தவர். ஆனால் துண்டு எழுதுவதுதான் வைத்தியர். ஆளை எங்கே போடுவது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் இஷ்டம். ஓய்வுபெற அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவரை மறுபடி மலைக்கு அனுப்பாமல் இருந்தால் முருகனுக்கு மொட்டை போடுவதாக அக்கா வேண்டியிருந்தார்.

“யாருக்குங்கக்கா மொட்டை?”

“ஒங்களுக்குத்தாங்க ஐயா. எனக்கு இருக்கிறதே எலிவால்.”

ஆபீசுக்குள் தொழிலாளர்கள் உட்காருவதில்லை. அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதாததால்தான் யாராலும் அழிக்க முடியவில்லை. சுவரோரம் கிடந்த வாங்குப் பலகை, காற்சட்டை போட்டு வருகிறவர்களுக்கு. அக்கா தன் தேத்தண்ணியையும் கதவோரம் நின்றே குடிப்பார்.

பதினொரு வருடத்துக்கு முன் துரைக்கு முதுகுவலி வந்தது. வலிக்கு ஏற்ற கதிரையாகப் பார்த்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றும் கடையிலிருந்து இரண்டு கதிரைகள்தான் வந்தன. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு மாறி மாறி உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வயது முதுகுக்கு என்ன தெரியும்? இரண்டும் சுகம். கூட வந்த சின்னப் புத்தகத்தை உரக்க வாசித்தேன்: பாதம் தரையில் பதிய வேண்டும், இடுப்பின் வளைவுக்குப் பின்னால் தாங்கல் வேண்டும்.

“உக்காருறதுக்கும் புஸ்தகமாங்க ஐயா?” அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார்.

வலி தெரிந்த முதுகு ஒன்று பக்கத்திலேயே நிற்பது அப்போதுதான் உறைத்தது. “அக்கா, நீங்க உக்காந்து பாத்துச் சொல்லுங்க.”

“ஐயோ, தொரை கதிரைங்க!”

“தொரை நுவரெலியா போயிட்டாரு. வர்ற வரைக்கும் நான்தான் தொரை. உத்தரவு, உக்காருங்க.”

சேலையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு முதல் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தவர் உடனே எழுந்துவிட்டார். “இது தள்ளுதுங்க.” இரண்டாவதில் அவர் கால் தரையைத் தொடும்வரை பிடியை இழுத்து இறக்கிவிட்டேன். மெல்லச் சாய்ந்தார். கண்ணை மூடினார். “இது தாங்குதுங்க ஐயா” என்றார்.

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் ஜீப் வந்த சத்தம் கேட்கவில்லை. வாசலில் துரை நின்றார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பதறி எழுந்தார்.

“யாரு உக்காரச் சொன்னது?”

‘நான்தான்’ என்ற ஒரு சொல் போதும். என் வாய்க்கு அது வரவில்லை; பகிடிதான் வந்தது. “கதிரை குளிரா இருக்குன்னு அக்கா சூடேத்தி வைக்கிறாங்க, தொரை.”

துரை சிரித்தார். நானும் சிரித்தேன். நிலைமையைச் சமாளித்துவிட்ட பெருமையில் அன்று வீட்டில் எல்லோருக்கும் அதை நடித்தே காட்டினேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து விடும்போது, அக்காவின் பெயரைக் கொழுந்து எடுக்க மேல்மலைக்கு வாசித்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். துரையிடம் போய் உண்மையைச் சொல்ல அன்றும் நேரம் இருந்தது, அடுத்த நாளும் இருந்தது. எனக்கு வேலை நிறைய இருந்ததாக நினைவு. அக்கா உட்கார்ந்த கதிரையில் துரை உட்காரவில்லை. தள்ளுகிற கதிரையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, “இத நீயே வச்சுக்க” என்று தாங்குகிற கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார். நானும் வைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா கூடையோடு சறுக்கி விழுந்தார். கம்பளியில் வைத்து நான்கு பேர் லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அதன்பின் அவரால் நிற்க மட்டுமல்ல, உட்காரவும் முடியவில்லை. ஒரே ஒரு தடவை பிஸ்கட் பெட்டியோடு பார்க்கப் போனேன். மல்லாந்து படுத்தபடியே கேட்டார்.

“கதிரை எப்படிங்க ஐயா? தாங்குதா?”

“தாங்குதுங்கக்கா.”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் மொட்டையைத் தடவிக் காட்டுவது போலத் தலையைத் தடவி, “என் முடி தப்பிச்சிருச்சு” என்றேன். அக்கா சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் முகம் கோணி, பாயைப் பிறாண்டினார்.

“சிரிக்க வைக்காதீங்க ஐயா. சிரிச்சா வலிக்குது.”

அடுத்த தைப்பொங்கலுக்கு அக்கா இல்லை.

இன்று என் வயதுக் கிளாக்கர்கள் எல்லோரும் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு ஒரு நாள்கூட முதுகு வலித்ததில்லை. பொலித்தீனைக் கிழித்து இரண்டு புதிய கதிரைகளிலும் உட்கார்ந்து பார்த்தேன். பிடியை இழுத்தேன், இரண்டும் ஒரே பெருமூச்சு விட்டன. பாதம் பதிகிறது, இடுப்புக்குப் பின்னால் தாங்கல் இருக்கிறது. மறுபடி மாறி மாறி உட்கார்ந்தேன்.

கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. “ஐயா, எது நல்லா இருக்குங்க?”

“எனக்குத் தெரியலைங்க” என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.